எல்வுட் டாகெட் விழுந்துகொண்டிருக்கிறான்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு தொப்பியால். போர், உண்மை, புகைப்படத்தின் அறம் என்று ஏதாவது பெரிய இடத்தில் பிறந்ததாகச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. முதல் வரைவுகளை அப்படித்தான் தொடங்கினேன். ஒன்றை மட்டும் காட்டுகிறேன், சிரிக்காமல் படியுங்கள்:

"புகைப்படம் என்பது காலத்தின் சுவரில் அடித்த ஆணி என்றால், அந்த ஆணியில் தொங்குவது யாருடைய..."

யாருடைய தொப்பி? என்னுடையது. அந்த வாக்கியம் அங்கேயே உயிரை விட்டது.

அடுத்த முயற்சியில் என்னையே 'அவன்' ஆக்கிப் பார்த்தேன். "நவம்பரின் முதல் சனிக்கிழமை. ஹார்லன் கிரீக் ஊரின் வாரப் பத்திரிகை ஆசிரியன் படைவீரர் மன்றத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் தலையில்..." நன்றாகத்தான் போனது. கண்ணாடி உடையும் இடம் வந்ததும் எனக்கு அந்த ஆளின் மேல் கடும் கோபம் வந்துவிட்டது. யாரோ முன்பின் தெரியாதவன் உடைத்ததைப் போல ஒரு பக்கம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். ஆகவே 'நான்' என்றே வைத்துக்கொள்கிறேன். பழி விழ வேண்டிய இடத்திலேயே விழட்டும்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் மன்றத்துக்குள் தொப்பியோடு வரக் கூடாது. போரில் செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. மறந்து வந்துவிட்டால் மதுக்கூடத்தில் நிற்கும் லைல் மணியை அடிப்பான். வந்தவன் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு சுற்று பியர் வாங்கித் தர வேண்டும். அன்றைக்கு இறைச்சிக் குலுக்கல். பன்றித் தொடைக்கும் பேக்கனுக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. நான் மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுத் தொப்பியோடு, அதன் காதுமடல்களில் ஈரப்பனி கனக்க, நடுக்கூடம்வரை வந்துவிட்டேன். லைலின் கை மணிக்கயிற்றை நோக்கி நகர்வது தெரிந்தது. தொப்பியைப் பிடுங்கினேன். சுவர்க் கொக்கிகள் எல்லாவற்றிலும் மேல்கோட்டுகள். கைக்கு எட்டியது ஒன்றே ஒன்று: பெரிய படச்சட்டம் ஒன்றின் மேல்மூலை.

மாட்டினேன்.

இரண்டு உலகப் போர்களின் நினைவுக் கூட்டங்களை ஆடாமல் அசையாமல் பார்த்த படம், ஒரு நனைந்த தொப்பியின் பாரம் தாங்காமல் கீழே வந்தது. கண்ணாடி கூடம் முழுக்கச் சிதறியது. லைல் மிக நிதானமாக மணியை அடித்தான்.

"டேய் லைல், தொப்பி என் தலையில இல்லடா!"

"உன் தலையில இல்ல. செத்தவன் தலையில மாட்டுனே. அதுக்கு ரெண்டு சுத்து."

2

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

(பார்த்திருக்க முடியாது. அது இந்தக் கதைக்காக நான் உண்டாக்கிய படம். ஆனாலும் பார்த்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எல்லாப் போருக்கும் அப்படி ஒரு படம் இருக்கிறது.)

1916, பிரான்சு. பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் மேலேறுகிறார்கள். முன்னால் போகிறவர்களுக்கு முகம் இல்லை, முதுகுதான். விளிம்பை எட்டிய ஒருவன் மட்டும் பின்பக்கமாகச் சரிகிறான். துப்பாக்கி வலது கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. இடது கை தலைக்குப் போகிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. பின்னால் வெறும் வெள்ளை வானம். படத்தின் பெயர் 'கடைசி அடி'. லண்டனில் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியபோது ஜனம் வரிசையில் நின்று பார்த்ததாம். ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டியில் வந்தது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் வந்தது. அஞ்சல்தலையாகவும் வந்து, எங்கள் ஊர்க்காரர்கள் அவன் முகத்தின் பின்பக்கத்தை நாக்கால் நக்கி மின்சாரக் கட்டண உறையில் ஒட்டினார்கள்.

விழுகிறவன் எங்கள் ஊர்க்காரன். எல்வுட் டாகெட். மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவன். முகம் தெளிவாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் குண்டு எங்கே பட்டது என்பதில்தான். நெற்றிப்பொட்டு என்பது ஒரு கட்சி, காதுக்கு மேலே என்பது இன்னொரு கட்சி. கை போகும் திசையைக் காட்டிக் காட்டி இரண்டு கட்சியும் மன்றத்தில் பல குளிர்காலங்களை ஓட்டியிருக்கின்றன.

எல்வுட் கப்பலேறியபோது அவன் மனைவி கர்ப்பம். அந்த டிசம்பரில் பிறந்தவர்தான் இர்மா. எழுபது வயது. ஊரின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் குலுக்கல் பீப்பாயைச் சுற்றி எண்ணைக் கூவுபவர். அப்பாவுக்கு வேறு படம் கிடையாது. உடல் கிடைக்கவில்லை, ஆகவே கல்லறையும் கிடையாது. மன்றத்துச் சுவரில் தொங்கிய அந்தப் படம்தான் கல்லறை. ஒவ்வொரு நவம்பர் பதினொன்றாம் தேதியும், முதல் போர் முடிந்த நாளில், அதன் கீழே அவர் மாலை வைப்பார், ஊர் அழும்.

இந்த வருஷம், அதாவது 1987இல், மாலையோடு முடியாது. தபால் நிலையத்துக்கு எதிரே எல்வுட்டுக்கு வெண்கலச் சிலை வந்திருக்கிறது. படத்தில் இருப்பது போலவே, சரிந்தபடி, கை தலைக்குப் போனபடி. புதன்கிழமை காலை அதை மூடியிருக்கும் துணியை இழுக்கப்போகிறவர் இர்மா.

நான் தொப்பியை மாட்டியது சனிக்கிழமை. நினைவிருக்கட்டும்.

3

விழுந்த வேகத்தில் சட்டத்தின் மூட்டு விட்டுப்போயிருந்தது. உள்ளே படத்தைச் சுற்றிப் போட்டிருந்த தடித்த அட்டை ஒருபக்கமாக நழுவியிருந்தது. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்த நான்தான் முதலில் பார்த்தேன்.

அட்டை மூடியிருந்த வலது ஓரத்தில் படம் இன்னும் ஒரு சாண் நீண்டது.

அங்கே வானம் வெறும் வெள்ளையாக இல்லை. கட்டியிருந்த ஒரு கொடியில் சட்டைகள் காய்ந்தன. மண்மேட்டில் சைக்கிள் ஒன்று சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு வீரர்கள் சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையில் தகரக் குவளை. மற்றவன் விழுகிற எல்வுட்டை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தான்.

இருவரும் சிரித்தார்கள்.

(இந்த இடத்தில் "காலம் உறைந்தது" என்று எழுதி அடித்துவிட்டேன். காலம் உறையவில்லை. யாரோ பன்றித் தொடைச் சீட்டு என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.)

மன்றத் தலைவர் ஆர்ச்சி மக்வே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அடுத்த கணம் மேஜை விரிப்பு ஒன்றை உருவிப் படத்தின்மேல் போட்டுவிட்டார். பிணத்தை மூடும் வேகம். அவர் அப்பாதான் அந்தக் காலத்தில் ஊரின் மரச்சாமான் கடைக்காரர். எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் நாற்காலி விற்பவரே சவப்பெட்டியும் செய்து அடக்கமும் நடத்துவார். இந்தப் படத்துக்குச் சட்டம் போட்டவரும் அவரே. அட்டையை வெட்டியவரும் அவரே.

"ஆர்ச்சி," என்றேன் மெதுவாக, "உங்களுக்கு இது தெரியுமா?"

"அப்பவெல்லாம் அட்டை அகலமாத்தான் வரும்."

"அதைக் கேக்கல."

"கேளு தம்பி. ரெண்டாவது போர்ல, இத்தாலியில, நான் பட்டாளத்துச் சமையல்காரன். ஒரு நாளு வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், கண்ணுல தாரை தாரையா ஊத்துது. ஒரு படக்காரன் வந்தான், வெங்காயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னான், எடுத்தான். 'நண்பனைப் பறிகொடுத்த வீரன்'னு டொராண்டோ பேப்பர்ல வந்துச்சு. எங்கம்மா அதை வெட்டி பைபிளுக்குள்ள வச்சிருந்தாங்க. சாகுறவரைக்கும் அந்த நண்பன் பேரைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஹென்றின்னேன்."

இது என் கேள்விக்குப் பதில் ஆகாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். லைலிடமும் கேட்டேன். "நான் சுவத்தைப் பாக்குறதில்ல, கிளாஸைத்தான் பாப்பேன்" என்றான். அதற்குள் இர்மா இறைச்சித் தட்டுகளோடு பின்கட்டுச் சமையலறையிலிருந்து வந்துவிட்டார். விரிப்பு மூடிக் கிடந்ததையும் சுவரில் இருந்த வெறும் ஆணியையும் என்னையும் வரிசையாகப் பார்த்தார்.

"கண்ணாடிதான் போச்சு இர்மா," என்றார் ஆர்ச்சி அவசரமாக. "இவன் புதன்கிழமைக்குள்ள மாத்திக் கொண்டாந்துடுவான்."

இர்மா தட்டுகளைக் குலுக்கல் மேஜையில் வைத்தார். பீப்பாயைச் சுற்றினார். எண்ணைக் கூவினார். பன்றித் தொடை லைலின் மாமியாருக்குப் போனது.

4

படத்தை என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து மேஜையில் கிடத்தினேன். ஞாயிறு முழுக்க அதோடு இருந்தேன். கதை இங்கே கொஞ்சம் நின்று கட்டுரையாகும். பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது நேரே ஐந்தாம் பகுதிக்குப் போங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போர்ப் படங்களில் பொய் புதிதல்ல. செத்துக்கிடந்த ஒரு சிப்பாயை இழுத்துக்கொண்டுபோய், அழகான பாறை இடுக்கு ஒன்றில் கிடத்தி, பக்கத்தில் துப்பாக்கியைச் சாய்த்து எடுத்த படம் உண்டு. சாலையோரம் கிடந்த பீரங்கிக் குண்டுகளை நடுச்சாலைக்கு உருட்டிவிட்டு எடுத்ததாகச் சந்தேகப்படும் படம் உண்டு. பெரிய பெரிய அறிஞர்கள் நிழலின் நீளத்தை அளந்தும் கூழாங்கற்களின் இடப்பெயர்ச்சியைக் கணக்கிட்டும் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். படித்தபோதெல்லாம் எனக்கு அந்தப் படக்காரர்கள்மேல் கோபம் வந்ததில்லை. இழுத்துப்போன பிணம் நிஜப் பிணம்தானே. செத்தவனுக்கு இடம் மாறியதே தவிரச் சாவு மாறவில்லை.*

* இதைப் பத்து வருஷத்துக்கு முன் ஒரு தலையங்கத்தில் எழுதி மிகவும் பெருமைப்பட்டேன். எழுதியவனை யாரும் ஒரு பாறை இடுக்கில் கிடத்தவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தில் என்னைக் குடைந்தது வேறு. இங்கே யாரும் சாகவே இல்லை. போர்முனைக்குப் பல மைல் பின்னால் ஏதோ ஒரு பயிற்சித் திடல். துணி காய்கிறது. குவளையில் தேநீர். படக்காரர், "யாராவது ஒருத்தன் விழுங்கப்பா" என்றிருப்பார். எல்வுட் கையைத் தூக்கியிருப்பான். பயல்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காட்டி, இன்னும் எத்தனை எல்வுட்களைக் கப்பலேற்றினார்களோ. அந்தச் சுவரொட்டியைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். அவர்கள் யாரும் வேடிக்கைக்காக விழவில்லை.

திங்கட்கிழமை, தலைநகரில் இருக்கும் ஒரு புகைப்பட நிபுணரோடு தொலைபேசியில் பேசினேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துப் படங்கள்ல காட்சியை ஒழுங்கு பண்ற வழக்கம் உண்டு" என்றார்.

"இது பொய்ப் படமா, இல்லையா?"

"பொய்ங்கிற வார்த்தை கொஞ்சம் கனமா இருக்கே."

"இலேசா ஒண்ணு சொல்லுங்களேன்."

"ம்... சூழலோட வச்சுப் பாக்கணும்."

இணைப்பை வைத்துவிட்டு ஒரு சபதம் எடுத்தேன். வாசகரே, நீங்களே சாட்சி. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், எனக்கு நேராக ஒரு பதில் சொன்னால் இந்தக் கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறேன்.

5

இப்போது என் முன்னால் இருந்த கேள்வி எளிமையானது. செவ்வாய் மாலை பத்திரிகை அச்சுக்குப் போகும். புதன் காலை இர்மா துணியை இழுப்பார். அதற்குள் அவரிடம் சொல்வதா, வேண்டாமா? எழுபது வயதுப் பெண்ணிடம் போய், "அம்மா, நீங்கள் இத்தனை காலம் மாலை வைத்தது உங்கள் அப்பாவின் சாவுக்கு இல்லை, அவர் அடித்த கூத்துக்கு" என்று எந்த வாயால் சொல்வது?

நேரில் சொல்லத் தைரியம் இல்லாதவன் செய்யும் வேலையைச் செய்தேன். எழுதிப் பார்த்தேன்.

முதல் வரைவில் இர்மா அழுதார். மிகவும் அழகாக அழுதார். நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி. இந்த இர்மாவின்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. இருபது வருஷமாக அவரைத் தெரியும். அவர் ஜன்னலைப் பார்த்தால் யார் யாரோடு காரில் போகிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் இருக்கும். இரண்டாவது வரைவில் செவ்வாய் அதிகாலை அவருக்கு மாரடைப்பு வரவழைத்தேன். ரொம்ப வசதியாக இருந்தது. எனக்கு வசதியாக இருந்தது என்பதற்காகவே கிழித்தேன். இந்தக் குடும்பத்தில் வசதிக்காக ஒருவரைக் கொன்றது போதும்.

அப்புறம்தான் கதையில் இருந்த பெரிய ஓட்டை கண்ணில் பட்டது. படத்தில் எல்வுட் சாகவில்லை. ஆனால் அவன் திரும்பி வரவும் இல்லை. அப்படியானால் அவன் எங்கேயோ, எப்படியோ செத்திருக்கிறான். பொய்ச்சாவைப் பிடுங்கிக்கொண்டால் மெய்ச்சாவு ஒன்றைக் கொடுக்க வேண்டாமா? இத்தனை காலம் படம் அந்த வேலையைச் செய்தது. இப்போது அது என் தலையில்.

எழுதினேன்.

படத்தில் விழுந்தது போலவே, அதே மாதிரி விளிம்பில், அதே மாதிரி சரிந்து, சில வாரம் கழித்து நிஜமாகவே விழுந்தான். (முடிச்சு அழகாக விழுகிறது. விதி, ஒத்திகை, என்றெல்லாம் பேசலாம். இவ்வளவு அழகாக யாரும் சாவதில்லை. வேண்டாம்.)

குண்டு விழுந்தது. குவளையோடு இருந்தவன், விரல் நீட்டியவன், எல்வுட் மூவரும் ஒரே குழிக்குள் இருந்தார்கள். அப்புறம் குழி இல்லை. (ஒரே வரியில் முடிகிறது. மகளுக்கு ஒரு வரி போதாது.)

மழை. சேறு. காலில் மட்டும் காயம். தண்ணீர் நிறைந்த பள்ளம். ஒரு நாள் முழுக்கக் கூப்பிட்டான், எல்லோருக்கும் கேட்டது, யாராலும் போக முடிய... (இல்லை. இதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. இதுதான் உண்மைக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதனாலேயே முடிக்கவில்லை.)

சாகவே இல்லை. சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில் ரொட்டிக்கடை வைத்தான். தடித்த மனைவி, ஐந்து பிள்ளைகள். கடை வாசலில் அவ்வப்போது விழுந்து காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தான்.

இதை எழுதிவிட்டு வெகுநேரம் திருத்தாமல் வைத்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதைவிட அப்பட்டமான பொய் அந்தப் படத்தில்கூட இல்லை. படக்காரர் ஒரு விழுதலைத்தான் ஏற்பாடு செய்தார். நான் ஒரு ரொட்டிக்கடையையே ஏற்பாடு செய்துவிட்டேன். என் அட்டையும் அகலம்தான்.

6

செவ்வாய் மத்தியானம். மேஜைமேல் இரண்டு முதல் பக்கங்கள் தயாராக இருந்தன. ஒன்றில் சிலைத் திறப்பு, மூடிய துணி, மேயரின் செய்தி. இன்னொன்றில் அந்த ஓரம், காயும் சட்டைகளோடும் சிரிக்கும் இருவரோடும். எது அச்சுக்குப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டையும் உங்கள் முன்னால் வைத்தாயிற்று. உங்களுக்கும் கை இருக்கிறது.

கதவைத் தட்டாமல் இர்மா உள்ளே வந்தார். கையில் என் ஆரஞ்சுத் தொப்பி.

"விட்டுட்டு ஓடிட்டே. லைல் இதை மணிக்குப் பக்கத்துல தொங்கவிட்டு 'படத்தைச் சாய்ச்ச பாவி'ன்னு எழுதி வச்சிருக்கான். புடுங்கிட்டு வந்தேன்."

"உக்காருங்க, மிஸ் டாகெட்."

"உக்காரத்தான் வந்தேன். படம் எங்க?"

"கண்ணாடி போடக் குடுத்திருக்கேன்."

"உன் முதுகுக்குப் பின்னால மேஜை மேல கிடக்கு. தம்பி, இந்த ஊரு போன் பேச்சையெல்லாம் காதுல வாங்கியே காலத்தைத் தள்ளுனவ நான். பொய் சொல்லப்போறவன் முதல்ல ஒரு மூச்சு இழுப்பான். நீ இழுத்தே."

நகர்ந்து நின்றேன். படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் குனிந்தார். நான் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.*

* துவைத்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு வேலை வரவில்லை.

அப்பாவை அவர் பார்க்கவில்லை. நேரே ஓரத்துக்குப் போனார். துணிக்கொடியை, சைக்கிளை, பிறகு அந்த இருவரை. விரலால் தொடாமல், தொடும் தூரத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் குவளைக்காரன் வாயைப் பாரு. கடவாய்ப்பல்லு வரைக்கும் தெரியுது."

"ஆமா."

"எங்கப்பாவைப் பாத்துத்தானே சிரிக்கிறானுங்க?"

என்ன சொல்வது? அட்டை அகலம், சூழலோடு பார்க்க வேண்டும், ஹென்றி என்று பெயர். எல்லாம் நாக்குவரை வந்தது.

"ஆமா," என்றேன்.

"நல்லா விழுந்திருக்காரு போல," என்றார் இர்மா.

எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

இர்மா நாற்காலியில் உட்கார்ந்தார். என் ஆரஞ்சுத் தொப்பியை எடுத்துத் தன் நரைத்த தலையில் போட்டுக்கொண்டார். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார். எழுபது வயதுப் பெண், காதுமடல்கள் ஆட, வாயைப் பாதி திறந்து, பின்பக்கமாகச் சரிந்தார். இடது கை தலைக்குப் போயிற்று. தொப்பி விழாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டது.

அப்படியே இருந்தார், நான் பார்த்து முடிக்கும்வரை.

"எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு தடவை இப்படி விழுவாராம். நாற்காலியிலேருந்து, மாட்டுவண்டியிலேருந்து, ஒரு தடவை மாதாகோயில் படியிலேருந்து. தொப்பி மட்டும் நசுங்கக் கூடாது. அம்மா சொல்லியிருக்காங்க." நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெத்தியா காதான்னு ஊரே கட்சி கட்டி நின்னுச்சே. குண்டு பட்டவன் தொப்பிக்கா கவலைப்படுவான்? தொப்பிக்கு மணி அடிக்கிற பயலுக, அத்தனை பேரும் அந்தப் படத்துக்கு அடியிலதான் உக்காந்து குடிச்சானுங்க. ஒருத்தன் கண்ணுக்காவது தெரிஞ்சுதா?"

நான் படத்தைப் பார்த்தேன். இரும்புத் தொப்பியின் விளிம்பில் நான்கு விரல்கள். எத்தனை வருஷம் அவற்றைப் பார்த்திருக்கிறேன்! ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேனே, ஓரத்தை மட்டும்.

"படம் முதல்ல பேப்பர்ல வந்தப்ப அவரு உயிரோடதான் இருந்தாரு," என்றார். "ஊரே வீட்டு வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு. அம்மாவுக்குப் படத்தைப் பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சாம். கையுறையைக் கடிச்சு அடக்கியிருக்காங்க. பாதிரியார் துக்கம்னு நெனச்சுத் தோளைத் தட்டிக்குடுத்தாரு. அவரு சாகலை, விளையாடுறாருன்னு அம்மா சொன்னாங்க. பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சூப்பு கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் கொஞ்ச நாள்ல தந்தி வந்துச்சு. காணோம், செத்ததாக் கருதுறோம்னு. ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நாங்கதான் அப்பவே சொன்னோமே.'"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மா இந்த ஊரை மன்னிக்கவே இல்ல. சொன்னது பலிச்சிடுச்சு பாரு, அதுக்காக."

"பின்ன எதுக்கு ஒவ்வொரு வருஷமும் மாலை வச்சீங்க?"

"மாலை வைக்கத்தான் கிட்டக்க விடுவாங்க. மத்த நாளெல்லாம் அதுக்குக் கீழ எவனாவது பியரோட உக்காந்திருப்பான். எல்லாரும் செத்தவனைப் பாப்பாங்க. நான் இன்னும் ஒரு நிமிஷத்துல எந்திரிச்சுப் புட்டத்துல ஒட்டுன மண்ணைத் தட்டப்போறவரைப் பாப்பேன். அழச் சொன்னாங்க, அழுதேன். அதுல எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

"நாளைக்கு?"

"இழுக்கிறேன். துணிதானே. சிலையும் தொப்பியைத்தான் புடிச்சிருக்கு, நான் போய்ப் பாத்துட்டேன்." ஓரத்தை மறுபடியும் பார்த்தார். "இந்த ரெண்டு பேரை மட்டும் நான் பாத்ததில்ல. அட்டையைத் திரும்பப் போட்டே, உன்னைச் சும்மா விடமாட்டேன். எத்தனை வருஷமா அவரைப் பாத்து நான் ஒருத்தியா சிரிச்சிருக்கேன்."

எழுந்து நின்றார். பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்கவில்லை நான். கேட்டிருந்தால் அது உன் பிழைப்பு என்றிருப்பார். இரண்டு முதல் பக்கங்களையும் பார்த்தார், எதையும் எடுக்கவில்லை. அவற்றுக்கு அடியில் நான் எழுதிய சாவுகள் கிடந்தன: விளிம்பு, குழி, சேறு, ரொட்டிக்கடை. அதில் ஒன்றையாவது அவர் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. சேற்றை மட்டும் சொல்லிவிடக் கூடாது என்றும் இருந்தது. பேனா ஏற்கெனவே என் கையில் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

"மிஸ் டாகெட், இதுல அவர் சாகலைன்னா, பின்ன எப்படித்தான் செத்தார்?"

அவர் மூச்சு இழுக்கவில்லை. என் தொப்பியை என் கையில் கொடுத்தார்.

"தெரியாது," என்றார்.